அரைப்பேர்

பேர்த் நகரத்திலிருந்து டெரிக் மச்சான்
ஒன்பது தாளை ஒட்டி வம்சத்தை அனுப்பியிருக்கிறான்.
விரித்தால் என் கட்டிலுக்குப் பெரிது.

உச்சியில் ஒரு பீரங்கிக்காரன், யான் வான் ஆர்க்கல்,
ஹோர்ன் பட்டினத்தான், காலியில் கப்பல் இறங்கியவன்,
சம்பளம் மாதம் ஒன்பது கில்டர்.
பிள்ளைகள் நால்வரில் மூவரை அம்மை கொண்டுபோக
மிஞ்சியவன் வழியில் ஒரு நொத்தாரிசு,
இரண்டு கந்தோர் எழுத்தர்கள்.
இங்கிலீஷ்காரன் வந்தான்:
அதே மேசை, அதே கதிரை, கொடி மட்டும் வேறு.
பிறகு ரயில் மலையேற
கூடவே ஏறிவந்த கார்ட் கோர்னேலியஸ்
பச்சையும் சிவப்பும் ஒரே கக்கத்தில் இடுக்கி
ஹப்புத்தளை மேடையில் படத்துக்கு நிற்கிறார்.

கந்தோர், கக்கூஸ், துட்டு
எல்லாம் நம் ஆட்கள் விட்டுவந்த சொல் என்று
டெரிக்குக்குப் பெருமை.
மூன்றிலும் என் பங்குக்கு வந்தது
லயத்துக் கோடியில் வாளியோடு நான் வரிசை நின்ற
அந்த நடுச்சொல்.

கோர்னேலியஸின் மகளைக் கட்டியவர் ஆர்தர்.
அப்பன் பேரைக் கொடுக்காததால்
மாமனார் பேரை வாங்கிப் போட்டுக்கொண்டவர்.
அவருக்கு மேலே ஒரு பெட்டி:
தகப்பன் பெல்தம், தோட்டத்துத் துரை.
தாய் என்ற இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி.
"நீ அங்கேதானே இருக்கிறாய், ஐரிஸ். தேடிப் பார்.
இல்லாவிட்டால் குழாயில் எச்சில் துப்பி அனுப்பு,
சதவீதம் சொல்வார்கள்."

பள்ளிக்கூடத்தில் நான் பறங்கிச்சி.
கொழும்பில் பறங்கியர் கல்யாணத்துக்குப் போனால்
தோட்டக்காட்டாள்.
இந்தச் சதவீதம் எனக்குத் தெரியும்.

கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைச் செல் தின்றிருந்தது.
தின்னாத இடத்தில், அழகான கையெழுத்தில்,
"தோட்டத்துப் பெண்."
ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்து
மேசைவரை நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

தோட்டத்து ஆபீசில்
பெரிய கிளாக்கர் தவசீலன் மூக்கைப் பொத்திக்கொண்டு
பழைய செக்ரோலை இறக்கித் தந்தார்.
"எலிப்புழுக்கை, பார்த்து, மிஸ்."
தொண்ணூற்றாறாம் வருஷம். ஆவணி.
ஆண்டவர் தெரியாது, அரசாங்கம் தெரியாது அந்தப் புத்தகத்துக்கு.
தெரிந்தது றாத்தல்.
ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பேர்.
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

விரலை வைத்துக் கீழே இறங்கினேன்.
சடைச்சி. இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினொன்று,
அரைப்பேர், அரைப்பேர்,
பிறகு பதின்மூன்று நாள் வெறும் கோடு.
இவள்தான் என்று
கண் கலங்கிவிட்டது எனக்கு. வெட்கமில்லாமல்.

கலங்கிய கண்ணைத் துடைத்துப் பார்த்தால்
நாலு வரி தள்ளி இருளாயி.
பதினெட்டு, ஒன்பது, அரைப்பேர், கோடு.
பக்கத்தைத் திருப்பினால் பேச்சி.
அதே ஆவணி, அதே கோடு.

மூன்று பேர் ஒரே மாதம் கொழுந்துக்கூடையை
இறக்கி வைத்திருக்கிறார்கள்.
ஒருத்தியின் பிள்ளை கோயிலுக்குப் போனது.
யாருடையது என்று எழுத
யாருக்கும் மை இருக்கவில்லை.

"கிடைச்சிதா மிஸ்?"
கிடைத்தது என்றேன்.
எத்தனை என்று சொல்லவில்லை.

இரவு டெரிக்கின் தாளை மறுபடி விரித்து
கேள்விக்குறியை அழித்தேன்.
பெட்டி சின்னது, எழுத்து முட்டியது.
சடைச்சி, இருளாயி, பேச்சி.
மூன்று அரைப்பேர்.
கூட்டினால் ஒன்றரை.
பீரங்கிக்காரன் ஒற்றைப்பேர்தான்.

படம் எடுத்து அனுப்பிய ஏழாம் நிமிடம்
பதில் வந்தது: "எவள்?"

அவனுக்கு இன்னும் எழுதவில்லை.
காலையில் ஆறு மணிச் சங்கு ஊத
பெரட்டுக்களத்தில் யாரோ
யாருடையதோ பேரைக் கூப்பிட்டார்கள்.
மூன்று திசையிலிருந்தும் "வாறேன்" என்று கேட்டது.